நெஞ்சில் முடி வளர ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. வீடு பினாங்கில், பட்டர்வொர்த்தில்; வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில், நைட் ஷிஃப்ட். தாடி திட்டுத்திட்டாக வளர்கிறது. நெஞ்சில் வெறும் பூனைமுடிதான். அண்ணனுக்கோ உடம்பெல்லாம் முடி. வரும் தையில் எனக்குக் கல்யாணம். ஜிம் கோச், ‘உனக்கு ஆண் ஹார்மோன் குறைவு, பத்து வாரம் ஊசி போட்டால் சரியாகிவிடும், 900 வெள்ளி (ரிங்கிட்)’ என்கிறார். இதற்கிடையில் கைப்பேசியில் லைவ் பார்த்து 89 வெள்ளிக்கு ஓர் எண்ணெய் வாங்கிவிட்டேன். அடிக்கடி ஷேவ் செய்தால் அடர்த்தியாகும் என்பது அப்பா கட்சி. நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்த ஊசியை மறந்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கோச் விற்பது டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹார்மோன். அது வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சரக்குதான் நிறைய இருக்கிறதே என்று மூளை விரைகளுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் இதே மருந்தை வாரம் 200 மில்லிகிராம் ஊசியாகப் போட்டு, ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தையில் கல்யாணம் ஆனால் சித்திரையில் ‘ஏதும் விசேஷம் உண்டா?’ என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். நீங்களோ 900 வெள்ளி கொடுத்துக் கருத்தடை செய்துகொண்டு நிற்பீர்கள். நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். ஆறு மாதத்திலா, ஒரு வருடத்திலா, அதற்கும் மேலா என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. குழந்தையில்லை என்று என்னிடம் வரும் இளைஞர்களில் சிலர், மனைவி வெளியே போய்க் கதவு சாத்தியதும்தான் குரலைத் தாழ்த்தி, ‘டாக்டர், கொஞ்ச நாள் ஜிம்மில் ஒண்ணு போட்டேன்’ என்று ஆரம்பிப்பார்கள்.

இன்னொன்று. இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. கோச்சின் பையில் இருக்கும் புட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

சரி, முடிக்கு வருவோம். மயிர்க்கால்கள் எல்லாம் பிறக்கும்போதே வந்துவிட்டவை, புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. பருவ வயதில் ஆண் ஹார்மோன் போய்த் தட்டும்போது பூனைமுடி கறுத்துத் தடிக்கிறது. எந்த மயிர்க்கால் எவ்வளவு சீக்கிரம் கதவைத் திறக்கும் என்பது பரம்பரை. அக்குளுக்குக் கொஞ்சம் ஹார்மோன் போதும். தாடிக்கும் நெஞ்சுக்கும் நிறைய வேண்டும், நேரமும் பிடிக்கும். நெஞ்சு முடி முப்பதுக்கு மேலும் கூடிக்கொண்டே போவது சாதாரணம், 27 கடைசி வயதல்ல. ஹார்மோன் அளவை முடியை வைத்துச் சொல்ல முடியுமென்றால், காதில் கொத்தாக முடி தொங்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்குத்தான் உங்களைவிட அதிகம் இருக்க வேண்டும். நிஜத்தில் அவருக்குக் குறைவு. உங்கள் ஷிஃப்டில் இருக்கும் சீன நண்பர்களைப் பாருங்கள். பலருக்கு நெஞ்சு மொழுமொழுவென்றுதான் இருக்கும். ஹார்மோனில் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. மாரில் முடியில்லாதவனை நம்பாதே என்று நம்மவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. மருத்துவத்தில் அதற்கு இடமில்லை.

அண்ணனோடு ஒப்பிடுவதையும் விடுங்கள். ஆண் ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் ‘பூட்டு’க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில், அதாவது அம்மாவழியில் வருகிறது. அம்மாவிடம் இருக்கும் இரண்டு எக்ஸில் அண்ணனுக்கு ஒன்று, உங்களுக்கு மற்றது வந்திருக்கலாம். வேறு மரபணுக்களும் உண்டு, ஆனாலும் அடுத்த விசேஷத்தில் தாய்மாமன் சட்டையைக் கழற்றும்போது ஒரு பார்வை பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ரத்தப் பரிசோதனை செய்யலாம். இங்கேதான் ஏஜெண்டுகள் வருகிறார்கள். ஷாப்பிங் மாலில் மேசை போட்டு, ‘ஆண்கள் பேக்கேஜ்’ என்று சாயங்காலம் நாலு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். டெஸ்டோஸ்டெரோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். இறங்கிய நேரத்தில் எடுத்துவிட்டு, ‘குறைவு’ என்று சிவப்பு எழுத்தில் அடித்துக் கொடுத்தால் அடுத்த மேசையில் மாத்திரை தயார். வெறும் வயிற்றில், காலை ஏழிலிருந்து பத்துக்குள் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடியும் எடுத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. உங்களுக்குக் கூடுதல் சிக்கல், நைட் ஷிஃப்ட். இந்த ஹார்மோன் தூக்கத்தோடு ஏறுவது. ஷிஃப்ட் முடித்த கையோடு கண்ணெல்லாம் எரிய நேராக லேபுக்குப் போகாதீர்கள். விடுமுறையில் இரண்டு மூன்று இரவு ஒழுங்காகத் தூங்கி எழுந்து போங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் விட மாட்டேன். முடி குறைவோடு விரையும் சிறியதாக இருந்தால் கதை வேறு. எங்களிடம் ஒரு கயிறு உண்டு. ஜெபமாலை மாதிரி பன்னிரண்டு மணிகள் கோத்திருக்கும், சிறியது ஒரு மில்லி, பெரியது 25 மில்லி. ஒரு கையில் மணி, மறு கையில் விரை என்று தடவி ஒப்பிடுவோம். வளர்ந்த ஆணுக்குப் பொதுவாக 15 மில்லிக்கு மேல் இருக்கும். காடை முட்டையைவிடச் சற்றுப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலிக்குண்டு அளவில் கெட்டியாக இருந்தால், க்ளைன்ஃபெல்டர் எனப்படும் பிறவிக் குறைபாடாக இருக்கலாம். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக வந்துவிடுவது. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு உண்டு, அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆள் உயரமாக, கால் நீளமாக, சிலருக்கு மார்பு லேசாகப் பருத்து இருக்கும். பலருக்கு இது தெரிவதே கல்யாணமாகிக் குழந்தை இல்லாமல் போன பிறகுதான், இன்னும் பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. தெரியாததற்குக் காரணம் விஞ்ஞானம் இல்லை. யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மூன்று மாதம் காத்திருந்து வருபவரை மூன்று நிமிடம் பார்த்து, கால்சட்டையைக் கழற்றச் சொல்லாமலே பெரிய ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! அந்தக் கயிறு பல கிளினிக்குகளில் அலமாரிச் சாவியோடு தொலைந்து போயிருக்கும். ஆகவே அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் போனால், வெட்கப்படாமல் நீங்களே ‘தொட்டுப் பாருங்கள் டாக்டர்’ என்று கேளுங்கள். அது சரியாக இருந்து, மூன்று நாளைக்கு ஒருமுறையாவது ஷேவ் செய்ய வேண்டியிருந்தால், ஆசைக்கும் குறைவில்லையென்றால், உங்களுக்கு நோய் எதுவும் இல்லை.

எண்ணெய்க்கு வருகிறேன். புட்டியைத் திருப்பிப் பாருங்கள். மருந்தாகவோ பாரம்பரிய மருந்தாகவோ பதிவானது என்றால் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும், மினுங்கும் ஸ்டிக்கரும் இருக்கும். உங்களுடையதில் நாட் (NOT) என்று தொடங்கும் எண் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அது அழகுப்பொருள். தயாரிப்பாளர் தாமே அறிவித்து வாங்கும் எண், முடி வளர்க்கும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை. லைவில் அதையே கேமரா முன் ஆட்டி ‘சுகாதார அமைச்சு அங்கீகாரம்’ என்பார்கள். இல்லை என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அமைச்சின் பிரிவான என்பிஆர்ஏவின் இணையத்தில் தேடலாம். அந்தப் பக்கம் தமிழில் இல்லை, தடுக்கி விழாமல் தேடவும் முடியாது. ஏமாறுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி அதை அமைத்தால் என்ன குறைந்துவிடும்? ஆண்மைக்கு என்று விற்கும் தொங்காட் அலி வேர்க் காப்பியும் இதே ரகம்தான். ஆண்மை மாத்திரையைப் பொடித்துக் கலந்த காப்பிப் பொட்டலங்களை அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது.

அப்பா சொன்னதற்கும் பதில்: ஷேவ் செய்தால் முடி தடிக்காது. 1928-லேயே அளந்து பார்த்துவிட்டார்கள். வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரவென்று படுகிறது. கல்யாணத்துக்கு மழித்துக்கொண்டே போகலாம், போட்டோவில் திட்டு தெரியாது.

தாடிக்கு மட்டும் மினாக்சிடில் லோஷனைச் சிலர் தடவுகிறார்கள். அது தலைமுடிக்காக வந்த மருந்து. தாடியில் ஓரளவு பலன் தரலாம், மாதக்கணக்கில் தடவ வேண்டும். பார்மசியில் மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். நெஞ்சு முழுக்கப் பூசாதீர்கள், உடம்பில் இறங்கிப் படபடப்பு வரலாம். கடிதத்தில் சொல்லவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: வீட்டில் பூனை இருக்கிறதா? இருந்தால் அந்த லோஷனே வேண்டாம். தலையணையில் ஒட்டியதை நக்கினாலும் பூனை செத்துப்போகலாம்.