டிக் டிக் சத்தம்: லிஃப்டரா, வேறு ஏதாவதா?

டேப்பட் சத்தம், அதாவது கார் எஞ்சினின் வால்வுப் பக்கம் கேட்கும் டிக் டிக் சத்தம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: சத்தத்தை எப்படி நிறுத்துவது? சத்தம் போடுவது யார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி (சேலம்): அண்ணா, காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று அடிக்கிறது. நாலைந்து வினாடியில் தானாக நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் நாள் முழுக்க சத்தமே இல்லை. லிஃப்டர் போய்விட்டதா?

பதில்: இல்லை தம்பி. வால்வைத் திறக்கும் சுழல் தண்டான கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் நிற்கும் பாகம்தான் லிஃப்டர். ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் பிஸ்டன் மாதிரி ஒரு சின்ன பிளஞ்சர், அதற்குக் கீழே ஒரு ஸ்பிரிங், ஒரு செக் பால். எஞ்சின் ஓடும்போது ஆயில் உள்ளே புகுந்து பிளஞ்சரைத் தாங்கிப் பிடிக்கும். போன ஆயிலைச் செக் பால் திரும்ப விடாது. அதனால் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி இருக்காது, சத்தமும் இருக்காது. 1930-ல் வந்த காடிலாக் வி-16 காரிலேயே இந்த ஏற்பாடு உண்டு, புது வித்தை ஒன்றும் இல்லை. ராத்திரி வண்டி நிற்கும்போது எந்த வால்வு திறந்தபடி நிற்கிறதோ, அதன் லிஃப்டர் மட்டும் வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை வெளியே விட்டுவிடும். காலையில் ஆயில் மேலே ஏறி அதை நிரப்பும் வரைதான் அந்தச் சத்தம்.

ஒன்று மட்டும் பாருங்கள். போன முறை ஆயில் மாற்றியதிலிருந்துதான் இது ஆரம்பித்தது என்றால் ஆயில் ஃபில்டர்மேல் சந்தேகப்படலாம். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மலிவு ஃபில்டரில் அது ஒழுங்காக உட்காராது. ஃபில்டரை மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

கேள்வி (திருப்பூர்): சார், என் பெட்ரோல் கார் லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சூடான பிறகும் சத்தம் போகவில்லை. பட்டறையில் ஹெட்டைத் திறக்காமலேயே "மொத்த லிஃப்டரும் மாற்றணும்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: திறக்காமல் சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் அதில் அடித்து நுரையாக்கும். இரண்டிலும் லிஃப்டருக்குள் போவது காற்று கலந்த ஆயில். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் பிளஞ்சர் பொதபொதவென்று ஆகி வால்வு தட்ட ஆரம்பிக்கும். அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டு லிஃப்டரைக் குறை சொல்வது சர்வ சாதாரணம்.

அடுத்து, சத்தத்தின் வேகம். கேம் ஷாப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) 800 ஆர்பிஎம் என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை, அதாவது வினாடிக்கு ஏழு முறைக்குச் சற்றுக் குறைவாகத் தட்டும். அதைவிட இரட்டிப்பு வேகத்தில், கனமாக "டொக் டொக்" என்று கீழிருந்து வந்தால் அது கனெக்டிங் ராட் பேரிங்காக இருக்கலாம். அது வேறு கதை, வேறு செலவு.

பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை டேப்பட் கவர் போல்ட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேளுங்கள். கழுத்தில் துண்டோ துப்பட்டாவோ இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், ஃபேன் பெல்ட் பக்கத்திலேயே சுற்றுகிறது. ஒவ்வொரு போல்ட்டாக நகர்த்திக்கொண்டே போனால் சத்தம் எந்த சிலிண்டர் பக்கம் என்று ஓரளவு பிடிபடும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேல் வைத்தும் கேளுங்கள். இன்ஜெக்டர் திறந்து மூடும்போது இயல்பாகவே கிளிக் கிளிக் என்றுதான் இருக்கும், பலர் அதைப் போய் லிஃப்டர் என்று பயப்படுகிறார்கள்.

எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்தாலும் அச்சு அசலாக டேப்பட் சத்தம் போலவே இருக்கும். குளிரில் அதிகமாகவும், இரும்பு சூடாகி விரிந்ததும் குறைவாகவும் கேட்கும். மேனிஃபோல்ட் ஓரத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் ஒரு கேஸ்கெட்டோடு வேலை முடிந்தது.

இதெல்லாம் இல்லை என்றால், ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அங்கே மீட்டர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று சமாதானம் ஆக வேண்டாம். பல வண்டிகளில் பிரஷர் அரை பார் அளவுக்குக் கீழே போனால்தான் அது எரியும். அதற்கு முன்பே லிஃப்டர் பட்டினி கிடக்க ஆரம்பித்துவிடும்.

பிரஷரும் சரி என்றால் அப்போது டேப்பட் கவரைத் திறக்கலாம். கேமில் துருத்திக்கொண்டிருக்கும் மூக்கு மேலே பார்த்திருக்கும் நிலையில் லிஃப்டரை அமுக்கிப் பார்க்க வேண்டும். நல்லது கல் மாதிரி நிற்கும். கெட்டது உள்ளே இறங்கும். எட்டு லிஃப்டரிலோ பதினாறிலோ ஒன்றிரண்டுதான் இறங்கும் என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி (மதுரை): அண்ணே, 5டபிள்யூ-30-க்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் போய்விடும் என்கிறார்களே?

பதில்: கொஞ்ச நாள் போகும், அதுதான் சிக்கலே. 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயில் தேய்ந்த லிஃப்டரில் மெதுவாகக் கசியும், அதனால் சத்தம் அமுங்கும். ஆனால் காலையில் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏற நேரம் பிடிக்கும். அதுவரை கேம் காய்ந்தபடி ஓடும். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி உள்ள எஞ்சினில் ஆயில் பிரஷரில்தான் கேம் டைமிங்கே மாறுகிறது, அங்கே தப்பு கிரேடு ஊற்றினால் வேறு தொல்லைகளும் வரும். கையேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடு கொடுத்திருந்தால் அதில் கெட்டியானதைப் போடலாம். அதைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): டீசல் ஊற்றி ஃப்ளஷ் செய்தால் லிஃப்டர் சுத்தமாகிவிடுமா?

பதில்: செய்யாதீர்கள். டீசல் கலந்தால் பேரிங்குக்கு இருக்கிற ஆயில் படலம் மெலிந்துபோகும். அதைவிட மோசம், பல வருடக் கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் விழுந்து, ஆயிலை வடிகட்டும் வலையான ஸ்ட்ரெய்னர் வாயை அடைத்துக்கொள்ளும். சம்பை இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலை முழுக்கத் தார் போல ஒரு கறுப்புப் பசை, அதற்கு நடுவே யாரோ கவருக்குத் தாராளமாகப் பூசிய சிலிக்கான் பேஸ்ட்டின் ரப்பர்த் துண்டுகள். அந்த வலை வழியாகத்தான் மொத்த எஞ்சினும் ஆயில் குடிக்கிறது.

கசடு என்று தெரிந்தால் சம்பைக் கழற்றி, ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து, சரியான கிரேடு ஆயிலை 1,500 அல்லது 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, ஃபில்டரோடு சேர்த்து இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட லிஃப்டர் பெரும்பாலும் இதிலேயே விடுபடும்.

கேள்வி (சென்னை): எனக்கு ஹோண்டா சிட்டி 1.5 ஐ-விடெக் பெட்ரோல். லிஃப்டர் என்ன விலை ஆகும்?

பதில்: உங்கள் எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டரே கிடையாது, செலவு மிச்சம். பழைய மாருதி 800 போலவே ராக்கரில் ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து வால்வு கேப்பை, அதாவது இடைவெளியை, அட்ஜஸ்ட் செய்தால் போதும். இன்டேக் 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.26 முதல் 0.30 மி.மீ. ஹெட் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் அதற்கு விடியற்காலையில்தான் எழுந்திருக்க வேண்டும்! சாயங்காலம் ஓட்டி வந்த வண்டியை உடனே திறந்து "அட்ஜஸ்ட் செய்துவிட்டோம்" என்றால் அந்த அளவு அளவே இல்லை.

சத்தம் பிடிக்கவில்லை என்று கேப்பைக் குறைத்துக் கட்டச் சொல்லாதீர்கள். வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டில் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது, அது முடியாவிட்டால் ஓரம் கருகிப்போகும். கேஸில் ஓடும் வண்டிகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். எல்பிஜி, சிஎன்ஜியில் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்க இறங்க கேப் தானாகக் குறையும். எஞ்சின் முன்பைவிட அமைதியாக இருக்கும், ஓனருக்கும் சந்தோஷம். ஒரு நாள் கம்ப்ரஷன் போய் ஐடிலில் வண்டி உதறும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்படிப்பட்ட வண்டி சத்தமில்லாமல் ஓடினாலும் கேப்பை அளந்துவிடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஒரே ஒரு லிஃப்டர்தான் கெட்டிருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் கேம் ஷாப்டைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், அந்தக் கூலிக்கு முழு செட்டும் போடுவது புத்திசாலித்தனம். கேம் மூக்கில் குழி விழுந்திருந்தால் புது லிஃப்டர் மட்டும் போட்டுப் பயனில்லை, அதையும் சீக்கிரம் தின்றுவிடும். பழையதைத் திரும்பப் போடுவதாக இருந்தால் எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதிலேயே போக வேண்டும். ஒரு அட்டையில் நம்பர் எழுதி வரிசையாகக் குத்தி வைக்கச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்ததும் உடனே செல்ஃப் அடிக்க விடாதீர்கள். ஆயில் நிரம்பிய லிஃப்டர் அமுங்கி உட்காரும் முன் சுற்றினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். ஃபோக்ஸ்வேகன் எஞ்சின்களுக்கு ஏறக்குறைய 30 நிமிடம் பொறுக்கச் சொல்லியே குறிப்பு உண்டு. டீ குடித்துவிட்டு வரலாம். ஸ்டார்ட் ஆன பிறகு கொஞ்ச நேரம் சத்தம் வரும், 2,000 ஆர்பிஎம் பக்கம் சில நிமிடம் வைத்திருந்தால் காற்று வெளியேறிவிடும்.

கேள்வி (தாம்பரம்): நாளைக்கே குடும்பத்தோடு திருநெல்வேலி போக வேண்டும். இந்தச் சத்தத்தோடு போகலாமா?

பதில்: ஆயில் அளவு சரியாக இருந்து, சத்தம் மெல்லிய டிக் டிக் மட்டும் என்றால் போய் வாருங்கள். அதே கிரேடு ஆயில் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கட்டும், வழியில் சாப்பிட நிறுத்தும்போது சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஐடிலில் ஆயில் விளக்கு ஒரு தடவை மினுக்கினாலும், இழுவை குறைந்து எஞ்சின் உதறினாலும், ஏற்றத்தில் கனமான டொக் டொக் கேட்டாலும் உடனே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர் பத்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் கிராங்கும் சேர்ந்து லேத் பட்டறைக்குப் போகும்.