குளிர்கால மாலைக்கு ஒரு சென்ட், அறுபது டாலருக்குள்

கேள்வி: சென்னையில் இருந்தவரை மல்லிகை, எலுமிச்சை வாசனையில் பாடி மிஸ்ட்தான் அடித்துக்கொள்வேன், போகிற இடமெல்லாம் மணக்கும். டொரொன்டோ வந்த பிறகு குளிர்காலத்தில் அதே பாட்டிலை அடித்தால் வாசலைத் தாண்டுவதற்குள் காணாமல் போகிறது. ஜனவரியில் எங்கள் திருமண நாள். பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் வெளியே சாப்பிடப் போகிறோம். அன்றைக்குக் கொஞ்சம் மயக்குகிற மாதிரி ஒரு சென்ட் வேண்டும், ஆனால் 60 டாலருக்கு மேல் கொடுக்க மனசு வராது. நாற்பதை நெருங்கும் வயதில் இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
- வாசகி, ஸ்கார்பரோ

பதில்: கூச்சத்துக்கு இதில் என்ன இருக்கிறது தோழி, கணவரோடு தனியாக ஒரு மாலை கிடைப்பதே அபூர்வம், அன்றைக்கு நன்றாக மணக்க வேண்டும் என்று நினைப்பது ரொம்ப நல்ல ஆசை. வயதைப் பற்றியும் யோசிக்காதீர்கள். நான் சொல்லப்போகிற சென்டுகள் இருபது வயதுப் பெண்ணைவிட உங்களுக்குத்தான் பொருந்தும்.

முதலில் உங்கள் பாடி மிஸ்ட் ஏன் கைவிட்டது என்று பார்ப்போம். வாசனை ஆவியாகி மூக்குக்கு வந்தால்தான் தெரியும். சென்னை வெயிலில் தோல் எப்போதும் சூடாக இருக்கிறது, காற்றிலும் ஈரம் இருக்கிறது, அதனால் மெலிசான வாசனைகூட எழும்பி நிற்கும். டொரொன்டோ ஜனவரியில் தோல் வறண்டு, மூக்கும் வறண்டு, மேலே நாலு அடுக்கு துணி. எலுமிச்சை, ஆரஞ்சு, லேசான பூ வாசனையெல்லாம் இயல்பிலேயே சீக்கிரம் பறந்துவிடக்கூடியவை, அவை போன பிறகு அடியில் பிடித்து நிற்க ஒன்றும் இருப்பதில்லை. பாடி மிஸ்டில் வாசனை எண்ணெயின் அளவும் ரொம்பக் குறைவு. பாட்டிலில் ஓ டி டாய்லெட் (EDT) என்று போட்டிருந்தால் பொதுவாக அந்த எண்ணெய் 5 முதல் 15 சதவீதம், ஓ டி பர்ஃபம் (EDP) என்றால் 15 முதல் 20 சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். குளிருக்கு இரண்டாவதைத் தேடுங்கள்.

ஆனால் சதவீதத்தைவிட முக்கியம் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். வனிலா, சந்தனம், மண்வாசனை அடிக்கும் பச்சோலி இலை, வனிலா மாதிரி மணக்கும் டோங்கா விதை, கஸ்தூரி வகை, பிசின்கள், இவைதான் குளிரில் நிற்பவை. பெட்டியில் ஆம்பர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது லாப்டனம் என்ற பிசினும் வனிலாவும் பென்சாயினும் சேர்ந்த கலவை, அந்த பென்சாயின் வேறு ஒன்றுமில்லை, நம் வீட்டில் வெள்ளிக்கிழமை புகை போடும் சாம்பிராணிதான். தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டி வளர்ந்தவர்களுக்கு இந்த வாசனையை யாரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இவை எல்லாம் கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். மே மாதச் சென்னையில் அடித்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வரும், குளிரில் அதே வாசனை உடம்போடு ஒட்டி அமைதியாக இருக்கும். வெளியே நடக்கும்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஹீட்டர் ஓடும் ரெஸ்டாரண்டுக்குள் போய்க் கோட்டைக் கழற்றுகிறீர்கள் பாருங்கள், அப்போதுதான் அது எழும்பும். குளிர்கால சென்டை வாங்கும்போது அந்த நேரத்தை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

இதில் உங்கள் பட்ஜெட்டுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. நல்ல ரோஜா, நல்ல மல்லிகை வாசனையை மலிவில் செய்வது கஷ்டம், அசல் பூ எண்ணெய் அவ்வளவு விலை. வனிலாவின் கதை வேறு. அதன் உயிரான வனிலினை ஜெர்மனியில் 1874-லேயே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள், அதுவும் ஊசியிலை மரத்திலிருந்து எடுத்த ஒரு பொருளை வைத்து. இன்றைக்கு அது மலிவான சரக்கு, கஸ்தூரி வகையிலும் இப்போது பயன்படுவது பெரும்பாலும் செயற்கைதான். அதனால் இந்தச் சூடான, இனிப்பான வகையில் 40 டாலர் பாட்டில் 200 டாலர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மலிவாக வாங்குவதென்றால் இந்த வகையில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, பெயர் சொல்கிறேன். ஒன்றே ஒன்றுதான் என்றால் என் ஓட்டு ஷாலிமாருக்கு. கெர்லான் கம்பெனி 1925-ல் கொண்டுவந்தது, ஷாஜகான் காலத்துத் தோட்டத்தின் பெயர். நூறு வருஷமாக இதைக் காதலுக்கான வாசனை என்று பெண்கள் வாங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடித்ததும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழ வாசனை சுள்ளென்று அடிக்கும், பலர் அங்கேயே பாட்டிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பொறுங்கள். அரை மணியில் அது அடங்கி, புகை பிடித்த மாதிரியான ஒரு வனிலா வரும், அடியில் லேசாக லெதர் வாசனை, கொஞ்சம் புனுகு போன்ற ஒரு மிருகச் சூடு. இந்தக் கடைசிப் பகுதிதான் நீங்கள் கேட்ட மயக்கம். வெறும் இனிப்பில் அது வராது, இனிப்புக்கு அடியில் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். முழு விலைக்கு வாங்காதீர்கள். வின்னர்ஸ் மாதிரித் தள்ளுபடிக் கடையிலோ நம்பகமான இணையக் கடையிலோ ஓ டி டாய்லெட் வந்தால் எடுத்துவிடுங்கள், அடியில் இருக்கும் வனிலாவே கனம் என்பதால் இதற்கு அந்த அளவே போதும்.

இனிப்புதான் பிடிக்கும் என்றால் லத்தாஃபாவின் கம்ரா. துபாய்ப் பக்கத்துச் சரக்கு, 2022-ல் வந்தது, பட்டை, பேரீச்சம்பழம், வனிலா, டோங்கா. 100 மில்லி பாட்டிலே பெரும்பாலும் உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும். முதல் அரை மணி நேரம் ஸ்வீட் ஸ்டால் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும், அதற்கப்புறம் நன்றாக இருக்கும். சத்தம் போடுகிற சென்ட் என்பதால் இரண்டு அழுத்தலுக்கு மேல் வேண்டாம். இதற்கு நேர் எதிர், கிட்ட வந்தால் மட்டும் தெரிய வேண்டும் என்றால் நடிகை சாரா ஜெசிகா பார்க்கர் பெயரில் 2005-ல் வந்த லவ்லி. சுத்தமான கஸ்தூரி வாசனை, மேலே லாவெண்டர். குளித்துவிட்டு வந்த தோல் மணக்கிற மாதிரி இருக்கும், விலையும் குறைவு. உங்கள் கணவருக்குக் கடும் வாசனை ஒத்துக்கொள்ளாது என்றால் இதுதான் சரி.

திருவல்லிக்கேணியிலிருந்து யாராவது வாங்கிவந்த சந்தன அத்தரோ ஆம்பர் அத்தரோ வீட்டில் இருந்தால் அதையும் மறந்துவிடாதீர்கள். ஆல்கஹால் கிடையாது, அதனால் பரவாது, தோலோடு கிடக்கும். காதுக்குப் பின்னால் ஒரு தொடு தொட்டால் போதும்.

எதுவானாலும் முகராமல் பாட்டில் வாங்காதீர்கள். வீடியோவில் ஒருவர் புகழ்ந்தார் என்பதற்காக ஆர்டர் போடுவதுதான் காசு வீணாவதற்குச் சுலபமான வழி. ஷாப்பர்ஸ் ட்ரக் மார்ட் மருந்துக்கடையில் அடித்துப் பார்ப்பதற்கென்று டெஸ்டர் பாட்டில் இருக்கும், ஒரு மணிக்கட்டில் ஒன்று, இன்னொன்றில் இன்னொன்று, அப்படியே வீட்டுக்கு வந்து சமையலைப் பாருங்கள், மூன்று நான்கு மணி நேரம் கழித்து எது இன்னும் உங்களைத் திரும்ப முகரச் சொல்கிறதோ அதுதான் உங்களுடையது. டெஸ்டர் கிடைக்காததற்கு 2 மில்லி சாம்பிள் விற்கிறார்கள், சில டாலர்தான். பெரிய கம்பெனி சென்டைச் சந்தையில் 25 டாலருக்கு நீட்டினால் வாங்க வேண்டாம், அது போலி.

அன்றைக்குப் போட்டுக்கொள்ளும் முறை: குளித்ததும் ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத லோஷனோ வாசலினோ தடவுங்கள், வறண்ட தோலில் எந்த சென்டும் நிற்காது. கிளம்புவதற்கு அரை மணி முன்னால் நெஞ்சில் ஒன்று, பின்கழுத்தில் முடிக்கு அடியில் ஒன்று, முழங்கையின் உள்பக்கம் ஒன்று. அதற்கு மேல் துணி உடுத்துங்கள். பட்டுப்புடவை என்றால் அதன்மேல் நேராக அடிக்கக்கூடாது, கறை விழும், முத்துமாலையையும் சென்ட் காய்ந்த பிறகே போடுங்கள், ஆல்கஹால் முத்தின் பளபளப்பைக் கெடுத்துவிடும். கம்பளி ஸ்கார்ஃபில் ஒரு அழுத்தல் அடித்தால் வாசனை நாள்கணக்கில் நிற்கும், அது அழகுதான், ஆனால் அதே ஸ்கார்ஃபைத் திங்கட்கிழமை வேலைக்குச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். கனடாவில் நிறைய அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் வாசனை கூடாது என்று விதி இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களுக்காகப் போட்ட விதி, மதிக்க வேண்டியது.

இன்னொன்று. சாப்பிட உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் உங்களுக்கே சென்ட் வாசனை தெரியாமல் போகும். போய்விட்டதோ என்று பயந்து வாஷ்ரூமில் மறுபடி அடித்துவிடாதீர்கள், உங்கள் மூக்குதான் அதற்குப் பழகியிருக்கிறது, எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். சந்தேகமாக இருந்தால் கழுத்தைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்துக் கேட்டுவிடுங்கள்.