அட்டாச்மெண்ட்ல இன்ஸ்டலேஷன் டாக்குமெண்ட் வேலையா குடுத்திருக்காங்க? முதல்ல தம்பிகிட்ட ஒண்ணு கேளுங்க

அக்கா, உங்க மெசேஜ் படிச்சேன். பையன் பாலில, அதாவது பாலிடெக்னிக்ல, மூணாவது வருஷம், ஐடி டிப்ளமா, அட்டாச்மெண்ட்டுக்கு, அதாவது கம்பெனில வேலைப் பயிற்சிக்குப் போனா கோடிங் கத்துக்குவான்னு பாத்தா அவங்க சாஃப்ட்வேர எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னு எழுதியிருக்குற பக்கங்கள நீ பாத்துக்கோன்னு உக்கார வச்சுட்டாங்க, அதுவும் விண்டோஸ், மேக், லினக்ஸ்னு மூணுக்கும், இது கிளார்க் வேலை மாதிரில்ல இருக்குன்னு கேட்டிருக்கீங்க. கிளார்க் வேலையா போறதுக்கும் சான்ஸ் இருக்கு, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. எழுதுறத அவனே மெஷின்ல போட்டுப் பாக்குறானா, இல்ல இஞ்சினியர் அனுப்புறத அழகா டைப் அடிச்சு ஏத்துறானா?

போட்டுப் பாக்குறான்னா விடுங்க, நல்ல இடத்துலதான் இருக்கான்.

ஏன்னா இந்தப் பக்கங்கள யாரும் தொடலைன்னாலும் அதுவா கெட்டுப் போகும். 2019ல ஆப்பிள் கேட்டலினாங்கிற மேக் வெர்ஷன் விட்டப்போ, டெர்மினல்ல நாம அடிக்கிற கமாண்ட வாங்கி ஓட்டுற ஷெல்லா பேஷுக்குப் பதிலா இசட்-ஷெல்ல டிஃபால்ட்டா ஆக்கிட்டாங்க, அதனால "பேஷ் புரொஃபைல்ல இந்த வரிய சேருங்க"ன்னு இருந்த டாக்குமெண்ட்ட நம்பி புது மேக்ல செஞ்சவங்களுக்கு எர்ரரும் வரல, வேலையும் நடக்கல, புது ஷெல் அந்த ஃபைல படிக்கவே படிக்காது. அடுத்த வருஷம் நவம்பர்ல ஆப்பிளோட சொந்த எம்1 சிப் வந்துச்சு. ஒரே டவுன்லோட் லிங்க் இருந்த எடத்துல இன்டெல்லுக்கு ஒண்ணு ஆப்பிள் சிப்புக்கு ஒண்ணுன்னு ரெண்டாச்சு, மேக்ல சாஃப்ட்வேர் போட உதவுற ஹோம்ப்ரூ உக்கார்ற ஃபோல்டரே மாறிப் போச்சு, பழைய ஃபோல்டர் பேர அப்படியே எழுதி வச்சிருந்த பக்கம் எல்லாம் காலி. 2024ல செக்கோயாங்கிற மேக் வெர்ஷன் வந்ததும் இன்னொண்ணு, ஆப்பிள் சரிபார்க்காத ஆப்ப ரைட்-கிளிக் பண்ணி ஓபன் பண்ற குறுக்கு வழிய எடுத்துட்டாங்க, இப்ப செட்டிங்ஸ்ல பிரைவசி பகுதிக்குப் போய்தான் அனுமதி குடுக்கணும். இன்னமும் எத்தனையோ பக்கத்துல ரைட்-கிளிக் பண்ணுங்கன்னுதான் இருக்கு.

லினக்ஸ் பக்கமும் இதே கதைதான். டெபியன் 12, உபுண்டு 23.04ங்கிற லினக்ஸ் வெர்ஷன்லேருந்து, பைதான் பேக்கேஜ் போடுற பிப்ப வச்சு நேரா சிஸ்டம் பைதான்ல எதையும் போட விடாது, அதுக்குன்னு தனியா ஒதுக்கின எடம், அதாவது வெர்ச்சுவல் என்விரான்மெண்ட், உருவாக்குன்னு திட்டும். சென்ட்ஓஎஸ் 7ங்கிற இன்னொரு லினக்ஸுக்கு 2024 ஜூன் 30ஓட ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14, ஆனா இன்னும் அதுலயே ஓட்டுற கஸ்டமர் இருப்பாங்க, அவங்களுக்கு அந்தப் பகுதிய வச்சிருக்கலாமா தூக்கிடலாமான்னு யாராவது முடிவு பண்ணணும்ல. அந்தப் பேச்சு நடக்கும்போது உங்க பையன் அந்த ரூம்ல இருக்கான்னா அது சின்ன விஷயம் இல்ல.

இதெல்லாம் தேடித் தேடி சரி பண்றவனுக்கு ஷெல், பாத், பெர்மிஷன், பேக்கேஜ் மேனேஜர், சிப் வித்தியாசம் எல்லாம் தானா கைக்கு வந்துரும். கிளாஸ்ல தனித்தனி மாட்யூலா படிச்சு பரீட்சை எழுதி மறந்தது இங்க ஒரே நாள்ல ஒண்ணா வந்து நிக்கும். பக்கத்து பிளாக் பையன் ஆப் செய்றான்னு எழுதியிருந்தீங்க. செய்யட்டும்க்கா, அந்த ஆப் அடுத்தவன் மெஷின்ல ஏன் ஓடலன்னு கேட்டா எத்தனை பேரு முழிக்கிறாங்கன்னு இன்டர்வியூ எடுக்குறவங்கள கேட்டா தெரியும்.

இப்ப தம்பி எப்படி வேலை செய்யணும்னு சொல்றேன், இத அவன்கிட்டயே காட்டுங்க. சொந்த லேப்டாப்ல டெஸ்ட் பண்ணக்கூடாது, அதுல ஏற்கனவே எல்லாம் இருக்கும், அதனால விட்டுப்போன ஸ்டெப் கண்ணுல படாது. வெர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர் போட்டு, ஒண்ணுமே இல்லாத நிலைல ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நிலையோட காப்பி எடுத்து வச்சு, ஒவ்வொரு தடவையும் அதுக்குத் திரும்பிப் போய் முதல் வரிலேருந்து அடிச்சுப் பாக்கணும். மேக் மட்டும் ஆப்பிள் மெஷின் மேலதான் ஓட்டணும், லைசென்ஸ் அப்படி, அதனால கம்பெனிகிட்ட ஒரு பழைய மேக்காவது கேட்டு வாங்கச் சொல்லுங்க. அட்மின் உரிமை இல்லாத யூசரா லாகின் பண்ணியும் ஒரு தடவ போட்டுப் பாக்கணும், பெரிய ஆபீஸ் லேப்டாப் பாதிக்கு அதுதான் நிலைமை, "அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ணுங்க"ன்னு எழுதிட்டா அங்க இருக்குறவன் என்ன பண்ணுவான் பாவம்.

மூணு ஓஎஸ்க்கும் பொதுவான விஷயத்த மூணு பக்கத்துல காப்பி அடிச்சு வைக்கிறது பெரிய தொல்லை, ஒண்ண மாத்திட்டு ரெண்ட மறந்துருவாங்க. பொதுவானது ஒரே எடத்துல, வித்தியாசப்படுறது மட்டும் தனித்தனியா இருக்கட்டும். மேல எந்த வெர்ஷன்ல எந்தத் தேதில போட்டுப் பாத்ததுன்னு ஒரு வரி.

இதுக்கு மேல ஒரு படி இருக்கு, அதுலதான் ஆள் வித்தியாசம் தெரியும். டாக்குமெண்ட்ல இருக்குற கமாண்ட எல்லாம் ஒரு ஸ்கிரிப்ட்டா எழுதி, கிட்ஹப் ஆக்ஷன்ஸ் மாதிரி ஸ்கிரிப்ட ஓட்டித் தர்ற ஒரு ஆன்லைன் சேவைல வாரா வாரம் விண்டோஸ், உபுண்டு, மேக் மூணுலயும் தானா ஓட விடுறது. ஏதாவது உடைஞ்சா சிவப்பு காட்டும், கஸ்டமர் திட்டி ஈமெயில் போடுறதுக்கு முன்னாடி இவனுக்குத் தெரிஞ்சுரும். பப்ளிக் ரெப்போன்னா, அதாவது எல்லாரும் பாக்குற மாதிரி கோட வச்சிருந்தா, காசு கிடையாது, அதனால கம்பெனி ஒத்துக்கலைன்னாலும் ஏதாவது ஓபன் சோர்ஸ் புராஜெக்ட்ட எடுத்து வீட்லயே பழகலாம். இத ஒரு பையன் செஞ்சு காட்டினா அதுக்கப்புறம் அவன டாக்குமெண்ட் எழுதுற பையன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, டெவ்ஆப்ஸ், அதாவது சாஃப்ட்வேர தானா டெஸ்ட் பண்ணி வெளியிட வைக்கிற வேலைல கால் வச்சுட்டான்னு அர்த்தம்.

வேலைக்கு வருவோம். டெக்னிக்கல் ரைட்டர்ங்கிற வேலை இங்க சிங்கப்பூர்ல இருக்கு, ஆனா அந்தப் பேர மட்டும் வச்சுத் தேடுனா வழி ஒடுங்கலாதான் இருக்கும், நான் அத மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். சப்போர்ட் இஞ்சினியர், டெஸ்டிங், டெவ்ஆப்ஸ் மூணுக்கும் இந்த அனுபவம் பொருந்தும். ரெஸ்யூமேல "டாக்குமெண்டேஷன் தயாரித்தேன்"னு எழுதுனா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, எந்த மூணு ஓஎஸ், என்ன உடைஞ்சுது, எப்படிக் கண்டுபிடிச்சான், எப்படி தானா செக் ஆகுற மாதிரி பண்ணான்னு எழுதச் சொல்லுங்க.

சரி, பதில் வேற மாதிரி வந்தா, அதாவது வெறும் டைப் அடிக்கிற வேலைன்னா? நீங்க கம்பெனிக்கு போன் போடாதீங்க அக்கா, தயவு செஞ்சு. தம்பியே சூப்பர்வைசர்கிட்ட போய் "எனக்கு ஒரு டெஸ்ட் மெஷின் குடுங்க, ஒவ்வொரு ரிலீஸுக்கும் நான் போட்டுப் பாத்துச் சொல்றேன்"னு கேக்கட்டும், வேணாம்னு சொல்ற சூப்பர்வைசர் ரொம்பக் கம்மி. அப்பவும் நடக்கலன்னா அட்டாச்மெண்ட்ட பாத்துக்குற லெக்சரர் பாலில இருப்பாரு, அவர்கிட்ட சீக்கிரமே சொல்லணும், கடைசி மாசத்துல போய் சொன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது.

என்எஸ், அதாவது கட்டாய நேஷனல் சர்வீஸ் போற ரெண்டு வருஷத்துல எல்லாம் மறந்துருவான்னு வேற கவலைப்பட்டிருந்தீங்க. கமாண்ட் மறக்கும், பரவால்ல, திரும்பி வரும்போது பாதி மாறித்தான் இருக்கும். ஆனா போறதுக்கு முன்னாடி அவன் பேர்ல வெளிய தெரியுற மாதிரி வேலை கொஞ்சமாவது இருக்கணும், அதுக்குத்தான் அந்த ஓபன் சோர்ஸ் விஷயத்த சொன்னேன். கம்பெனிக்கு எழுதுனத அப்படியே போர்ட்ஃபோலியோல போடக்கூடாது, எத வெளிய காட்டலாம்னு சூப்பர்வைசர்கிட்ட ஈமெயில்ல கேட்டு பதில பத்திரமா வச்சுக்கணும், அத அட்டாச்மெண்ட் முடியுறதுக்கு முன்னாடியே கேக்கச் சொல்லுங்க.