நான்கு மணி நேர இண்டி கேமுக்கு நியாயமான விலை எது: 5 டாலரா, 15 டாலரா?

பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் (இண்டி என்பது அதைத்தான்) இரண்டு பேர் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய புதிர் விளையாட்டு. நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வெளியாக இருக்கிறது. கூட்டாளி 15 டாலர் வைக்கலாம் என்கிறார். கேள்வி கேட்டவருக்கோ 5 டாலருக்கு மேல் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வாங்குபவருக்கும் உருவாக்கியவருக்கும் நியாயமான விலை எது, அதை எப்படி முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

10 டாலர் என்பது என் பதில். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு சிறு குழுவின் விளையாட்டுகளுக்கு விலை வைப்பதையும் தள்ளுபடிக் காலங்களைத் திட்டமிடுவதையும் நான் கவனித்து வருகிறேன். அதைவிட நீண்ட காலமாக இவற்றைக் காசு கொடுத்து வாங்கி விளையாடியும் வருகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குப் பட்டது இது: விலையின் நியாயம் அந்த எண்ணில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, வெளியான பிறகு அந்த எண்ணில் நீங்கள் எவ்வளவு உறுதியாக நிற்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. முதல் நாளில் உங்களை நம்பி முழு விலை கொடுத்தவர், ஆறு மாதம் கழித்து அதே கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. அந்த நினைப்புக்கு இடம் கொடுக்காமல் நீங்கள் கேட்கக்கூடிய மிக உயர்ந்த தொகையே நியாய விலை என்று கருதுகிறேன்.

முதலில் மணிக்கணக்கை ஒதுக்கிவிடுவோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர் என்பது விளையாடுபவர்களிடையே நெடுநாளாக உலவும் கணக்கு. அதன்படி உங்கள் விளையாட்டு 4 டாலர்தான் பெறும். ஆனால் 2022இல் முழுமையாக வெளியான வாம்பயர் சர்வைவர்ஸ் 5 டாலருக்கு வந்தது. அதில் நூறு மணி நேரத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். 2016இல் ஜொனாதன் புளோவின் தி விட்னஸ் 40 டாலருக்கு வந்தது; அதை முடிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. இரண்டு விலைகளையும் மனமாரக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். தவிரவும், மணிக்கணக்கில் விலை வைக்கத் தொடங்கும் டெவலப்பர் தன் விளையாட்டைத் தானே கெடுக்கத் தொடங்குகிறார்: பாத்திரத்தின் நடையை மெதுவாக்குவார், ஏற்கெனவே தீர்த்த புதிரை நிறம் மாற்றி மறுபடியும் வைப்பார், போன வழியே திரும்பி வரச் செய்வார். சொல்ல வேண்டியதை நான்கு மணி நேரத்தில் சொல்லி, அலுப்புத் தட்டும் முன்பே முடிந்துவிடும் புதிர் விளையாட்டுக்கு அந்த அடக்கத்துக்காகவே கூடுதலாகக் கொடுக்கலாம். (ஸ்டீமில் விமர்சனத்தின் பக்கத்திலேயே, எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் தெரியும். 140 மணி நேரம் விளையாடிவிட்டு, இந்த விலைக்கு இதில் ஒன்றுமே இல்லை என்று எழுதுபவர்களை அங்கே தாராளமாகப் பார்க்கலாம்.)

நேரத்தின் அளவு உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டியதாக ஆவது ரீஃபண்ட் விஷயத்தில். 2015 ஜூன் முதல் ஸ்டீமில், வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் முழுவதும் விளையாடி ரசித்துவிட்டும் ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் விளையாட்டின் சிறந்த யோசனைகள் எல்லாம் மூன்றாம் மணி நேரத்தில்தான் வருகின்றன என்றால் விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது உழைப்புக் கணக்கு. இரண்டு ஆண்டு உழைப்புக்கு ஈடாக ஒரு விலை வேண்டும் என்பது இயல்பான எண்ணம்தான், ஆனால் டிஜிட்டல் பொருளில் அது வேலை செய்வதில்லை. இன்னொரு பிரதி எடுக்க உங்களுக்குச் செலவு ஏதும் ஆவதில்லை. செய்த செலவு விலையைச் சொல்லாது, அந்த விலைக்கு எத்தனை பிரதி விற்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். ஒரு பிரதியை எடுத்துக்கொள்வோம். விலை 10 டாலர். வாங்குபவரின் நாட்டில் விலைக்குள்ளேயே 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி போக 8.33 டாலர். அதில் ஸ்டீமின் பங்கு 30 சதவீதம், மிஞ்சுவது 5.83. வரி விலைக்கு வெளியே இருக்கும் அமெரிக்கா போன்ற இடத்தில் அதே பிரதிக்கு 7 டாலர் வரும். வெளியீட்டு வாரத்தில் 20 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் முதலில் சொன்ன 5.83 என்பது 4.67 ஆகிவிடும். அதை நீங்கள் இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும்; பிறகு உங்கள் நாட்டின் வருமான வரி, இசையமைத்துக் கொடுத்தவரின் பங்கு போன்றவை தனி. (ஒரு விளையாட்டு ஒரு கோடி டாலர் விற்பனையைத் தாண்டினால் ஸ்டீமின் பங்கு 25 சதவீதமாகவும், ஐந்து கோடியைத் தாண்டினால் 20 ஆகவும் குறையும், நம் போன்றவர்கள் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.)

இருவரும் சேர்ந்து இன்னொரு விளையாட்டைத் தொடங்க 30,000 டாலர் தேவை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 4.67 கிடைத்தால் ஏறத்தாழ 6,400 பிரதிகள் விற்க வேண்டும். விலையை 5 டாலராக வைத்து அதே தள்ளுபடி கொடுத்தால் 12,900 பிரதிகள் வேண்டும். பாதி விலை வைத்தால் இரு மடங்கு பேர் வாங்குவார்களா என்பதே நீங்கள் விடை காண வேண்டிய கேள்வி. மாட்டார்கள் என்பது என் அனுபவம். அறிமுகமில்லாத இருவர் செய்த புதிர் விளையாட்டை ஒருவர் வாங்காமல் போவதற்கு முதல் காரணம் விலை அல்ல. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஸ்டீமில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வருகின்றன. அந்தக் கூட்டத்தில் 5 டாலர் என்ற எண் யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. சில நேரங்களில், செய்தவருக்கே இதில் நம்பிக்கை இல்லையோ என்ற ஐயத்தைத்தான் கிளப்புகிறது.

அப்படியானால் 15 ஏன் கூடாது? கூட்டாளி பிரெய்ட் என்ற விளையாட்டை மேற்கோள் காட்டக்கூடும். அதுவும் சில மணி நேரத்தில் முடியும் புதிர் விளையாட்டுதான். 2008இல் எக்ஸ்பாக்ஸ் கருவியின் இணையக் கடையான எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேடில் 15 டாலருக்கு வந்தபோது விலை அதிகம் என்ற முணுமுணுப்பு பெரிதாக எழுந்தது, இருந்தும் விற்றது. ஆனால் அப்போது அந்தக் கடையில் வாரத்துக்கு ஓரிரு விளையாட்டுகள்தான் வந்தன; வந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. இன்று உங்கள் 15 டாலரைப் பார்ப்பவர், அதே 15 டாலருக்கு ஹாலோ நைட், ஸ்டார்டியூ வேலி, பலாட்ரோ ஆகியவை கிடைப்பதையும் பார்க்கிறார். 2025 செப்டம்பரில் ஹாலோ நைட்: சில்க்சாங் 20 டாலருக்கு வந்தபோது, இவ்வளவு பெரிய விளையாட்டை இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் மற்ற சிறு குழுக்களின் விலைகள் என்ன ஆவது என்ற பேச்சே எழுந்தது. கோடிக்கணக்கில் விற்கும் என்று தெரிந்தவர்கள் வைக்கும் விலையை நீங்கள் அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவர் அதை அளவுகோலாகக் கொள்வதைத் தடுக்கவும் உங்களால் முடியாது. 10 டாலரில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவை 2013இல் வந்த பேப்பர்ஸ், ப்ளீஸ், 2015இல் வந்த அண்டர்டேல் போன்றவை: அளவால் சிறியவை, யோசனையால் மதிக்கப்படுபவை. அந்த வரிசை உங்கள் விளையாட்டுக்குப் பொருத்தமானது.

15 டாலரில் எனக்குள்ள உண்மையான பயம் வேறு. முதல் மாதம் விற்பனை மந்தமாக இருக்கும். பதற்றத்தில் இரண்டாம் மாதமே 40 சதவீதத் தள்ளுபடி, நான்காம் மாதம் 60 சதவீதம் என்று இறங்கிவிடுவீர்கள். ஆறாம் மாதத்தில் விளையாட்டு 6 டாலருக்குக் கிடைக்கும். அப்போது 15 என்பது விலையாக இருக்காது, கோடு போட்டு அடிப்பதற்காக எழுதிய எண்ணாகிவிடும்; அதை நம்பிக் கொடுத்தவர்கள் உங்களை முதலில் ஆதரித்தவர்கள் மட்டும்தான். "நல்ல கேம், ஆனால் சேல் வரும்வரை பொறுத்திருந்து வாங்குங்கள்" என்ற விமர்சன வரியைக் கடைப் பக்கங்களில் அடிக்கடி காணலாம். விளையாட்டு மோசம் என்று அதற்குப் பொருள் இல்லை. உங்கள் விலையை நீங்களே நம்பவில்லை என்பதை வாங்குபவர் கண்டுகொண்டார் என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான முனையில் நிற்பது ஃபேக்டோரியோ என்ற விளையாட்டு. செக் நாட்டின் வூப் சாஃப்ட்வேர் அதைத் தள்ளுபடியில் விற்பதே இல்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. விலை 2018 ஏப்ரலில் 20 டாலரிலிருந்து 30 ஆனது, 2023 ஜனவரியில் பணவீக்கத்தைக் காரணம் காட்டி 35 ஆனது. காத்திருப்பதால் எந்த ஆதாயமும் இல்லை என்பது வாங்குபவருக்குத் தெரியும். முன்பு வாங்கியவர் ஒருபோதும் நட்டப்படவில்லை. மைன்கிராஃப்டும் 2009இல் பாதி விலையில் விற்கத் தொடங்கி, பீட்டா எனப்படும் சோதனைக் கட்டத்தில் உயர்த்தி, 2011 நவம்பரில் முழுமையாக வெளியானபோது முழு விலைக்கு வந்தது. முதலில் நம்பியவர்களே மிகக் குறைவாகக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருந்தவை. நான்கு மணி நேரப் புதிர் விளையாட்டுக்கு அந்த வழி முழுமையாகப் பொருந்தாது. பெரும்பகுதி விற்பனை முதல் சில வாரங்களிலும் பிறகு தள்ளுபடிக் காலங்களிலும்தான் நடக்கும். ஆகவே தள்ளுபடியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், படிப்படியாக இறங்குங்கள் என்பேன். வெளியீட்டில் 10 அல்லது 15 சதவீதம் போதும், ஸ்டீம் 40 வரை அனுமதித்தாலும். பிறகு வரும் தள்ளுபடிகளில் 20 சதவீதம் வையுங்கள், ஏனென்றால் அந்த அளவை எட்டினால்தான் விஷ்லிஸ்டில், அதாவது பின்னால் வாங்க நினைப்பவற்றின் பட்டியலில், வைத்திருப்பவர்களுக்கு மின்னஞ்சல் போகும். முதல் ஓராண்டுக்கு 30ஐத் தாண்டாதீர்கள். பாதி விலை என்பது இரண்டாம் ஆண்டுக்கு உரியது. 10 டாலரில் தொடங்கினால் இந்த ஒழுங்கு உங்களால் முடியும். 5 டாலரில் தொடங்கினால் இறங்குவதற்குப் படியே இல்லை.

விலையை வாங்குபவரிடமே விட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வேர்ல்ட் ஆஃப் கூ என்ற விளையாட்டு 2009 அக்டோபரில் தன் முதல் ஆண்டு நிறைவுக்காக, விரும்பியதைக் கொடுங்கள் என்று அறிவித்தது. சராசரியாக 2 டாலர் அளவில்தான் வந்தது, 1 சென்ட் கொடுத்தவர்களும் மிகப் பலர். ஓராண்டு முழு விலைக்கு விற்று முடித்த விளையாட்டுக்கு அது நல்ல வரவு. இன்னும் ஒரு பிரதிகூட விற்காத விளையாட்டுக்கு அல்ல. சிறு குழுக்களின் விளையாட்டுகளை விற்கும் இன்னொரு தளமான இட்ச்.ஐஓவில் குறைந்தபட்ச விலை ஒன்றை வைத்து, விரும்புபவர் கூடுதலாகக் கொடுக்க வழிவிடலாம். தளத்தின் பங்கு எவ்வளவு என்பதையும் அங்கே நீங்களே தீர்மானிக்கலாம். அங்கேயும் வெளியிடுங்கள், ஆனால் குறைந்தபட்ச விலை ஸ்டீமில் இருப்பதாகவே இருக்கட்டும்.

நாடுகளுக்கிடையே விலை வேறுபடுவதைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. 10 டாலர் என்று உள்ளிட்டதும் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பரிந்துரை விலையை ஸ்டீம் காட்டும். அது நேரடி நாணய மாற்று அல்ல, அந்தந்த இடத்தின் வாங்கும் திறனையும் கணக்கில் கொண்டது. 2022 அக்டோபரில் அந்தப் பரிந்துரைகள் திருத்தப்பட்டன. நாணய மதிப்பு நிலையாக நிற்காத அர்ஜென்டினாவும் துருக்கியும் 2023 நவம்பரில் டாலர் விலைக்கே மாற்றப்பட்டன. பரிந்துரையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை. சந்தேகம் வரும் இடத்தில் கீழே இறக்குங்கள், மேலே ஏற்றாதீர்கள். மலிவான நாட்டுக்குக் கணக்கை மாற்றி வாங்குபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பயந்து, ஒரு நாள் கூலியை ஒரு விளையாட்டுக்குக் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவரைத் தண்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பின்னாளில் புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தால், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, புதியவர்களுக்கு 12 டாலர் ஆக்கலாம். விலையை ஏற்றிய பின் 30 நாள் தள்ளுபடி வைக்க ஸ்டீம் விடாது என்பதால் பெரிய சேல் எதற்கும் முந்தைய மாதத்தில் அதைச் செய்யாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் கூட்டாளி 15 டாலரில் பிடிவாதமாக இருந்தால் அவரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: விற்பனை எப்படிப் போனாலும், முதல் ஓராண்டுக்கு 12 டாலருக்குக் கீழே இறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கத் தயாரா? தயார் என்றால் 15ஐயும் நான் நியாயமான விலை என்றே சொல்வேன்.