வாசலில் செருப்பைப் பார்த்தால் நடுங்குகிறது

அக்கா, வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். வயது 36. மனைவி நர்ஸ், ஒரே மகள், ஆறு வயது. போன மே லீவில் எங்கள் சபையிலிருந்து 12 பேர் குறுகிய கால ஊழியம் என்று 18 நாள் கோலாலம்பூர் போயிருந்தோம். பிரசங்கம் பண்ணவெல்லாம் இல்லை. மியான்மரிலிருந்து தப்பி வந்த சின் இனத்துக் கிறிஸ்தவர்கள், அகதிப் பிள்ளைகளை அங்கே அரசுப் பள்ளியில் சேர்க்க முடியாது என்பதால், தாங்களே ஒரு சின்னப் பள்ளி நடத்துகிறார்கள். அதில் பாடம் எடுக்க, சுவருக்கு வெள்ளையடிக்க, அவ்வளவுதான்.

உபத்திரவம் என்றால் எனக்குத் தெரிந்தது தேவசகாயம் பிள்ளை கதை. 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், 2022-ல் புனிதர் பட்டம். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, சிஎஸ்ஐ என்றாலும் சின்ன வயதில் அப்பா கூட்டிக்கொண்டு போய், தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற அந்த மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதோ ஒன்றை எதிர்பார்த்துத்தான் போனேன் போல. அங்கே கண்ணில் பட்டது செருப்பு. கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடி, மூன்று அறை, 46 பிள்ளைகள். காலையில் வாசலுக்கு வந்ததும் ஒவ்வொன்றும் செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு, உள்ளே கொண்டுபோய்த் தன் மடியில் வைத்துக்கொள்ளும். வெளியே 46 ஜோடி கிடந்தால் உள்ளே எத்தனை பேர் என்று பிடிக்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். யாரும் சொல்லித்தர வேண்டாம், நாலு வயதுப் பிள்ளைகூடச் செய்கிறது.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, தண்ட்லாங் என்ற ஊர்க்காரக் குடும்பம். 2021-ல் ராணுவம் அந்த ஊரில் குண்டு போட்டு வீடுகளை எரித்தபோது, தீயை அணைக்கப் போன ஒரு போதகரையே சுட்டுக் கொன்றார்கள் என்று அவள் அப்பா எனக்குச் சொன்னார். அவளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். கிளம்பும்போது, அடுத்த மே மாதம் கண்டிப்பாக வருவேன் என்று சொல்லிவிட்டேன், நம்பரும் கொடுத்தேன்.

நாங்கள் வந்த மறு வாரம், ஓட்டலில் ராத்திரி வேலைக்குப் போகிற வழியில் அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் தடுப்பு முகாமில்தான். அதிலிருந்து இங்கே ராத்திரி பதினொரு மணி வாக்கில் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வரும், அரைகுறை இங்கிலீஷில். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பின்னத்தில் சந்தேகம், அப்புறம் "சார், மே மாதம் வருவீங்களா?"

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளைகள் முகம் வரக்கூடாது என்று அங்குள்ள தலைமை ஆசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் நாங்கள் 12 பேர் மட்டும் ஒரே மஞ்சள் டீ-ஷர்ட்டில் அந்தப் படிக்கட்டில் நின்று போட்டோ எடுத்தோம். பின்னால் கீழ்க்கடை போர்டு தெளிவாகத் தெரிகிறது. ஃபேஸ்புக்கில் போட்டது நான். இன்னும் எடுக்கவில்லை, எடுத்தால் தப்பை ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம்.

இரண்டரை மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. சபை அசன விருந்தில் இலையில் மிச்சம் வைத்தவரைப் பார்த்து எழுந்து போய்விட்டேன். "உனக்க மனசு இங்க இல்லியே மக்ளே" என்கிறாள் அம்மா. போன வாரம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வாசலில் செருப்பு குவிந்து கிடந்ததும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க நான் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்கினேன். மறுநாள் மகள் செருப்பை வெளியே விட்டாள் என்று கத்தினேன், அவள் பயந்து ஒன்றுக்குப் போய்விட்டாள். இதோடு அடுத்த மாதம் மிஷனரி ஞாயிறில் படம் போட்டுச் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார் போதகர். என்ன செய்ய?

*

தம்பி,

முதலில் அந்தப் போட்டோவை ஃபேஸ்புக்கிலிருந்து எடுங்கள். என் பதிலை அப்புறம் படிக்கலாம்.

எடுத்துவிட்டீர்களா, சரி. அந்தப் பெண்ணின் அப்பாவைப் பிடித்தது பள்ளியில் அல்ல, வேலைக்குப் போகும் வழியில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போட்டோ மாட்டிவிட்டிருந்தால் அந்தப் படிக்கட்டுக்குத்தான் ஆள் வந்திருக்கும். மலேசியா 1951-ம் வருட அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாடு. அகதிக்குச் சட்டப்படி வேலை செய்ய உரிமை இல்லை, ஐ.நா. தரும் அகதி அட்டை கையில் இருந்தாலும் பிடிபடலாம். நீங்கள் மஞ்சள் டீ-ஷர்ட் போடுவதற்குப் பல வருடம் முன்பிருந்தே இதுதான் நிலைமை. ஆகவே அவர் கைதை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள். ஆனால் போட்டோ தப்புதான். அதை லேசாக்கிப் பேச நான் தயாராக இல்லை, 46 பிள்ளைகள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு மறைக்கிற இடத்தை நீங்கள் போர்டோடு காட்டிவிட்டீர்கள். தலைமை ஆசிரியைக்கு எழுதி, இப்படி ஒரு படம் இத்தனை நாள் இருந்தது, எடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக்கொள்வார்கள். கூட வந்த 11 பேரும் எடுக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குவதும் உங்கள் வேலை. இந்த ஒன்றைச் செய்யாமல் வைத்திருப்பதால்தான் மற்ற எல்லாக் குற்றமும், அந்த நாட்டுச் சட்டம் உட்பட, உங்கள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அசன இலையில் சோறு வைத்தவர் பாவம், அவர் என்ன செய்வார்.

அடுத்தது அந்தப் பெண். இங்கே ராத்திரி பதினொன்று என்றால் அங்கே ஒன்றரை மணி. யோசித்தீர்களா? அவளும் தூங்கவில்லை. ஆனால் நடுராத்திரியில் ஒரு சிறுமியும் வெளிநாட்டில் இருக்கும் ஓர் ஆணும் தனியாகப் பேசிக்கொள்வது, உங்கள் மனசு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கூடாது. அவள் தூங்காததைத் தலைமை ஆசிரியைக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் அவள் பேச ஒரு ஆள் வேண்டும். 2019 ஆகஸ்டிலிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தைக்கூட அந்தத் தடுப்பு முகாம்களுக்குள் விடுவதில்லை. அப்பா எப்போது வருவார் என்று யாராலும் அவளுக்குச் சொல்ல முடியாத நிலை. அதில் நீங்களும் 'கண்டிப்பாக வருவேன்' என்று ஒன்றைத் தொங்கவிட்டால் எப்படி? மே மாதம் பற்றி இனி உறுதி சொல்லாதீர்கள். "அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், வர முடியுமா என்று தெரியாது" என்று சொல்லுங்கள். அழுவாள். சொல்லுங்கள்.

சாட்சி விஷயம். போதகரிடம் இந்த வருடம் முடியாது என்று சொல்லலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பேசித்தான் ஆக வேண்டுமென்றால் படம் கிடையாது, பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அந்த அப்பாவின் கதை அவருடையது, அவர் இன்னும் உள்ளே இருக்கிறார்.

நடுக்கம், தூக்கமின்மை, பிள்ளை மேல் பாய்வது. அடுத்தவர் பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கும் இந்தக் காயம் வரும், உங்கள் மனைவி நர்ஸ், அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாதம் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும், உங்களுக்கு இரண்டரை ஆகிவிட்டது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவு இருக்கிறது, இந்த வாரமே போங்கள். ராத்திரி தாங்கவில்லை என்றால் 14416, டெலிமானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள். ஜெபம் போதாதா என்று யாராவது கேட்டால், பல்வலிக்கு எங்கே போனீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. இன்றைக்கே கேளுங்கள், உட்கார வைத்து, "அப்பா வேறு ஒரு இடத்தில் பயந்து போனதை நினைத்து உன்னிடம் கத்திவிட்டேன்" என்று சொன்னால் ஆறு வயதுக்குப் புரியும். அப்புறம் அவள் செருப்பை அவள் இஷ்டத்துக்கு வாசலில் விடட்டும். கை நடுங்கினாலும் உள்ளே எடுத்து வைக்காதீர்கள்.

பின்னம் பாக்கி இருக்கிறதே. ஆசிரியை சம்மதித்தால் வாரத்தில் ஒரு நாள், பள்ளி போனில், அவர் பக்கத்தில் இருக்க, அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து எடுங்கள். இங்கே காலை ஏழரைக்கு ஆரம்பித்தால் அங்கே பத்து மணி, உங்கள் பள்ளி மணி அடிப்பதற்குள் முடித்துவிடலாம்.