காற்றும் வெயிலும் இலவசம்தானே, எரிபொருளை விட்டு மாற ஏன் இவ்வளவு செலவும் சண்டையும்?

இலவசம்தான். ஆனால் காசு முழுவதையும் முதல் நாளே போட வேண்டும். இலங்கையின் கிளிநொச்சிப் பக்கம் மிளகாய்த் தோட்டம் செய்பவர் மண்ணெண்ணெய் மிஷினுக்கு, கையிலுள்ள காசுக்கு ஏற்ப இரண்டு லீற்றர் வாங்கி ஊற்றித் தண்ணீர் இறைத்துவிடுவார். சோலார் பம்பை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க முடியாது. கடன் எடுக்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். நாட்டுக்கும் இதே கணக்குத்தான். வட்டி ஏறினால் காற்றாலை மின்சாரத்தின் விலையும் ஏறும்.

சரி, எரிபொருளிலேயே இருந்துவிடலாமா? 2022 ஓகஸ்டில், மானிய விலையில் இருந்த மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. மாற்று வழி கைக்கு வருமுன் மானியத்தை எடுத்தால் ஏழைத் தோட்டக்காரர்தான் அடிபடுவார். அது பெரிய பிழை என்றே சொல்வேன்.

அரசியல் இன்னும் சிக்கல். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைக்கு இந்தியாவின் அதானி நிறுவனத்துடன் மின்சாரம் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று அரசு பேசியது. விலை அதிகம் என்று எதிர்ப்பு வந்தது, ஆட்சி மாறியது, மறுபேச்சு தொடங்கியது; 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னார்த் தீவு மக்களின் கவலை வேறு: வலசைப் பறவைகள், மழைவெள்ளம் வடியும் வழிகள், மீன்பிடி. அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்பது அநியாயம். மின்கட்டணம் நாடு முழுக்க ஒன்றே என்பதால், காற்றாலைக் கோபுரத்தடியில் குடியிருப்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வருமானத்தில் ஒரு பங்கை அந்தந்தக் கிராமத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கோபுரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.