வரலாறு படிக்கட்டும், கடன் மட்டும் எல்லை தாண்டக்கூடாது

உங்கள் மகள் கல்லூரியில் அமெரிக்க, ஐரோப்பிய வரலாற்றைத்தான் மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுப்பேன் என்கிறாள். மாமா வாராவாரம் போன் போட்டு, "கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு" என்கிறார். இரண்டுக்கும் நடுவில் தூக்கம் கெட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயம். மாமாவின் யோசனைதான் தப்பு.

பிடிக்காமல் கம்ப்யூட்டர் சயின்சில் சேர்கிற பிள்ளை பெரும்பாலும் முதல் வருடம் தாக்குப்பிடித்துவிடும். இடறுவது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்கிரீட் மேத் போன்ற கடினமான பாடங்கள் வரும்போது. ஒரு பாடத்தைப் பாதியில் விடுவாள், இன்னொன்றைத் திரும்ப எடுப்பாள், கடைசியில் மேஜரையே மாற்றுவாள். அதற்குள் ஐந்தாவது வருடத்துக்கான கட்டணம் வந்து நிற்கும். அந்தப் பில்லை மாமா கட்டமாட்டார்.

சட்டக் கல்லூரி, பள்ளி ஆசிரியர் வேலை இரண்டும் உங்களுக்கே தெரிந்த பாதைகள், அவற்றை விட்டுவிடுகிறேன். பிஎச்டி பற்றி ஒரே வரி: கட்டணத்தை முழுக்கத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் உதவித்தொகையும் தராத இடத்தில் சேரவே வேண்டாம்.

யாரும் பேசாத ஒரு வழி ஆவணக் காப்பகத் துறை, அதாவது பழைய ஆவணங்களைப் பாதுகாத்துப் பட்டியலிடும் வேலை. அமெரிக்க மத்திய அரசுப் பணிகளில் ஆவணக் காப்பாளருக்கு 1420 என்று தனி வரிசை எண்ணே இருக்கிறது. அதற்கான படிப்புத் தகுதியைச் சேரும் முன்பே படித்துவிடுங்கள். அமெரிக்க வரலாறு அல்லது அமெரிக்க அரசியல், அரசாங்கம் சார்ந்த பாடங்களில் 18 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும். அதற்கு மேல் பொதுவாக வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல், பொது நிர்வாகம் போன்றவற்றில் 12 கிரெடிட். ஐரோப்பிய வரலாறு இந்த 12-க்குள் அழகாக உட்காரும், 18-க்குள் வராது. பிரெஞ்சுப் புரட்சியும் டியூடர் அரசர்களும் பிடித்துப்போய் ஐரோப்பாவில் 24 கிரெடிட், அமெரிக்காவில் 9 என்று முடித்தால் பட்டம் கையில் இருக்கும், இந்த வாசல் மட்டும் திறக்காது. விருப்பத்தை விடவேண்டியதில்லை, கணக்குப் போட்டு எடுத்தால் போதும்.

1865 அல்லது 1877-ஐ எல்லையாக வைத்து இரண்டாகப் பிரிக்கும் அமெரிக்க வரலாற்று அறிமுகப் பாடங்கள், மேற்கத்திய நாகரிகம் ஒன்று, இரண்டு ஆகியவற்றைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துக்கொள்ளலாம். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியில் 4 அல்லது 5 வாங்கியிருந்தால் சில கல்லூரிகள் கிரெடிட்டே கொடுத்துவிடும். எவ்வளவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆராய்ச்சி முறை செமினாரை மட்டும் பட்டம் தரப்போகும் கல்லூரியிலேயே எடுக்கட்டும், ஒரு கல்லூரியின் கிரெடிட்டை இன்னொன்றுக்கு மாற்றும்போது பெரும்பாலும் அடிபடுவது அதுதான்.

வேற்று மொழியைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. மூன்றாம் வருடம் தொடங்கினால் ஆவணம் படிக்கிற அளவுக்குத் தேறமுடியாது. முதல் செமஸ்டரிலேயே ஸ்பானிஷ் எடுக்கச் சொல்வேன். ஸ்பானிய, மெக்சிகோ ஆட்சிக்கால டெக்சஸின் பதிவுகளான பேஹார் ஆவணங்கள் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, அவை ஸ்பானிஷில்தான். நியூ ஆர்லியன்சின் பழைய நோட்டரிப் பத்திரங்களுக்குப் பிரெஞ்சும் வேண்டும். ஜெர்மன் எடுத்தால் ஒரு எச்சரிக்கை: அச்சு ஜெர்மன் படிக்கத் தெரிந்தவரும் குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்தில் திணறுவார். அதில் 'e' எழுத்து பார்ப்பதற்கு 'n' போலவே இருக்கும். தனியாகப் பழகவேண்டும்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு குடும்பமோ கம்பெனியோ முப்பது அட்டைப்பெட்டி காகிதம் கொடுத்தால், முதல் விதி அடுக்கைக் கலைக்காதே. ஒரு கடிதத்துக்குப் பக்கத்தில் எந்த ரசீது இருந்தது என்பதே ஒரு தகவல். பிறகு துருப்பிடித்த கிளிப், ரப்பர் பேண்டு எல்லாம் எடுத்து, அமிலமற்ற உறைகளில் போட்டு, உறைமேல் பென்சிலால் எழுதுவார்கள். காகிதத்தைச் சுத்தமான வெறும் கையால் தொடலாம், கையுறை புகைப்படத்துக்கு. அசிடேட் என்ற பழைய வகை ஃபிலிமில் வினிகர் வாடை வந்தால் அது சிதைகிறது என்று அர்த்தம், உடனே பிரித்துக் குளிர் அறைக்கு அனுப்பவேண்டும். அதன்பின் டாக்ஸ் என்ற விதிமுறைப்படி விவரப் பட்டியல் எழுதி ஆர்கைவ்ஸ்ஸ்பேஸ் மென்பொருளில் ஏற்றுவார்கள். பழைய ஃபிளாப்பி வந்தால் அதில் எதுவும் எழுதப்படாதபடி தடுத்துவிட்டு முழு நகல் எடுத்து, நகல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்க்கவேண்டும். ஆக, நிரல் எழுதும் பைத்தானும் தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல்லும் ஒவ்வொரு பாடம் படித்து வைத்தால் நல்லது. இதை மாமாவிடம் சொல்லுங்கள், கொஞ்சம் குளிர்வார்.

இளங்கலைக்குப் பிறகு நூலக, தகவல் அறிவியல் முதுகலை வேண்டும். அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் உள்ளதா, ஆவணக் காப்பகப் பிரிவு உண்டா என்று பாருங்கள். பல இடங்களில் முழுவதும் ஆன்லைனில் முடிக்கலாம். அதைவிட முக்கியம், முதல் வருடமே கல்லூரி நூலகத்தின் சிறப்புச் சேகரிப்புப் பிரிவில் போய் மாணவர் வேலை கேட்பது. படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் மத்திய அரசு உதவியான ஃபெடரல் வொர்க்-ஸ்டடி கிடைத்தால் அந்த மணிநேரத்தை அங்கேயே கழிக்கலாம். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கோடைக்கு ஒன்று என்று சேர்க்காதீர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை பெரும்பாலும் ஓரிரு வருட ஒப்பந்தமாக இருக்கும், ஊர் மாறவேண்டி வரும். அரசு ஆளெடுப்பு ஏறும் இறங்கும், அதை மட்டும் நம்பக்கூடாது. பல்கலைக்கழகம், மாநில ஆவணக் காப்பகம், கோகோ-கோலா போலச் சொந்தக் காப்பகம் வைத்திருக்கும் கம்பெனிகள் என்று வலையை விரிக்கவேண்டும். எந்தக் கோப்பை எத்தனை வருடம் வைத்திருக்கவேண்டும் என்று நிர்ணயிக்கும் ரெக்கார்ட்ஸ் மேனேஜ்மென்ட் வேலைக்கும் இதே படிப்பு பொருந்தும்.

பண விஷயத்தில் நான் வளைந்துகொடுக்கமாட்டேன். பெற்றோரைச் சார்ந்த மாணவிக்கு மத்திய அரசின் நேரடிக் கடன் முதல் வருடம் 5,500 டாலர், இரண்டாம் வருடம் 6,500, பிறகு 7,500 வீதம். நான்கு வருடத்துக்கு 27,000. அதுவே உச்சவரம்பு. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடன், தனியார் கடன், வீட்டின் மேல் கடன் எதுவும் வேண்டாம். பெயர்பெற்ற தனியார் கல்லூரியின் உதவித்தொகைக் கடிதம் இந்தத் தொகைக்குள் அடங்கவில்லை என்றால், மாநிலப் பல்கலைக்கழகம்.

அவள் எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கானது) இருந்தால் கணக்கே வேறு. இந்தக் கடன் குடியுரிமை, கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்குத்தான், மத்திய அரசு வேலை பெரும்பாலும் குடிமக்களுக்கு மட்டும். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால், வரலாற்றுப் பட்டத்துக்கு ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம்தான், ஸ்டெம் எனும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்புக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இல்லை. அப்படியானால் இரண்டாவது மேஜர் ஒன்றை இப்போதே யோசிக்கவேண்டும், எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அவளுக்கு இருப்பது உண்மையான நாட்டமா, உலகப்போர் வீடியோ மோகமா என்ற சந்தேகத்தைச் செலவில்லாமல் தீர்க்கலாம். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமும் காங்கிரஸ் நூலகமும் பழைய கையெழுத்துப் பக்கங்களை இணையத்தில் வைத்துப் பொதுமக்களையே படித்துத் தட்டச்சு செய்யவிடுகின்றன. இந்தக் கோடையில் பத்துப் பக்கம் செய்யட்டும். 18-ஆம் நூற்றாண்டு எழுத்தில் நீள 'எஸ்' பார்க்க 'எஃப்' மாதிரி இருக்கும், முதல் இரண்டு பக்கம் எல்லோருக்குமே எரிச்சல்தான். மூன்றாம் பக்கத்தையும் தானாகத் திறக்கிறாளா என்று மட்டும் பாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்காதீர்கள்.